குறிப்பு: இல்லை

கூட்டுப் புலத்தணிக்கை காலை பத்து மணிக்கு
என்றது நோட்டீஸ்.
பதினொன்றரைக்கு வந்தன
கொடி கட்டிய மூன்று கார்கள்.
வந்த வரிசையிலேயே மணலில் புதைந்தன.
தள்ளிவிட்டவர்கள்
வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள்.

கடலூர் முதுநகர் தாண்டி
ஒரு பக்கம் ரசாயன வாடை, ஒரு பக்கம் கருவாடு,
நடுவில் இந்த மேடு.
பனை பதினேழு. அடம்பங்கொடிக்குக் கணக்கில்லை.
புல எண் 214, உட்பிரிவு 3,
ஏழு ஏக்கர் நாற்பது சென்ட்.
இதைச் சொல்வது மட்டும்தான் என் வேலை.
குறுவட்ட அளவர் அதற்கு மேல் பேசினால்
மெமோ வரும்.

முதல் காரில் வந்தவர் நிலத்தைப் பாதுகாக்க வந்திருந்தார்:
சுற்றுச்சுவர், நடைபாதை, அலங்கார விளக்கு,
நுழைவுக் கட்டணம் இருபது.
இரண்டாமவரும் பாதுகாக்கத்தான் வந்திருந்தார்,
முதலாமவரிடமிருந்து.
மூன்றாமவர் வந்தது சாமியைப் பாதுகாக்க.
சாமியை எப்படி நிறுத்துவீர்கள் என்று தாசில்தார் கேட்க,
கிழக்கே பார்த்து, என்றார்.
வலைப்பக்கம் யாரோ சிரித்தார்கள்.

அஞ்சாப்புலிதான் சொன்னார்:
'மாசி மகத்துக்கு ஒம்போது ஊரு சாமி
இங்கதான் எறங்கும்.
மேக்க பாத்துதான் நிறுத்துவோம்.
வந்த வழிய அதுங்க மறந்துடக் கூடாதுல்ல.'

'பத்து'
என்றாள் பவுனாம்பாள்.
காலனியிலிருந்து வந்தவள்,
பனைக்கு அடியில், தனியாக.
'எங்க அம்மனும் வரும்.
கடைசியா வரும்.
மேட்டுல ஏத்த மாட்டாங்க, கீழயே நிக்கும்.
பாதுகாக்கறதுன்னா
எதப் பாதுகாக்கப் போறீங்கன்னு
சொல்லிட்டுச் செய்யுங்க.'

காற்று கொஞ்ச நேரம் தனியாகப் பேசியது.
தாசில்தார் என்னைப் பார்த்தார்.
ஆவணத்தில் என்ன இருக்கிறது?

திரையைத் தொட்டேன்.
வகைப்பாடு: புறம்போக்கு, தரிசு.
குறிப்பு: இல்லை.

அந்த 'இல்லை'யை அடித்தது நான்.

அப்போது நான் அளவர் இல்லை.
தாலுகா ஆபீசின் பின்கட்டில்
வரிக்கு முப்பது பைசாவுக்குத் தட்டச்சு.
கணினி வந்த புதிது.
செல்லரித்த அ-பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில்
எவனோ ஒரு கணக்கன்
ஊதா மையில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தான்:
சாமிகள் தங்கும் மேடு.
வலை காயப்போடும் வழக்கம் உண்டு.
தெற்கே சேரிச் சுடுகாட்டுக்கு வழி.

குறிப்புக்குத் தனிக் காசு கிடையாது
என்றார் மேற்பார்வையாளர்.
'இல்லை' என்றால் மூன்றே எழுத்து.
ஒரே நாளில் நானூறு 'இல்லை' அடித்திருக்கிறேன்,
கிராமம் கிராமமாக,
ஏரிக்கரைக்கும் மந்தைவெளிக்கும்,
டீ ஆறுவதற்குள் ஒரு பக்கம்.
அந்தக் காசில்தான்
அளவர் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கினேன்.
பழைய பதிவேடு
தானே புயலில் நனைந்து கூழானது என்கிறார்கள்.

'இருந்தது' என்றேன்.
மூன்று வெள்ளைச் சட்டைகளும் திரும்பின.
ஆதாரம்?
நான் படித்தேன். படித்துவிட்டு விட்டேன்.
அது ஆதாரமாகாது, என்றார் தாசில்தார்,
ஆனால் பேனாவை நீட்டினார்.

திரையில் திருத்த எனக்கு அனுமதியில்லை.
புலப்படத்தின் ஓரத்தில் கையால் எழுதினேன்.
மேடு. வலை. வழி.
மாசி மகத்தன்று வரும் சாமிகள்: பத்து.
சாட்சிகள் கையெழுத்து.

பவுனாம்பாள் போட்டாள்,
எழுத்துக் கூட்டி, முழுப் பெயர், இனிஷியலோடு.
அஞ்சாப்புலி தாளை வாங்கினார்,
மேடு வரை படித்தார், வலை வரை படித்தார்.
'பத்து'க்கு வந்ததும்
பேனா அந்தரத்தில் நின்றது.

கார்களை வெளியே தள்ள ஆள் கூப்பிட்டார்கள்.
அவர் போகவில்லை.
தாள் படபடத்தது.
ஒரு ஓரத்தை அவர் பிடித்திருந்தார்,
மறு ஓரத்தை
பவுனாம்பாள் இன்னும் விடவில்லை.